முன் இருக்கையில் ஆர்டெலியாவின் குரல்

ஆர்டெலியா பிக்கன்ஸின் குரல் அவரைத் தெருவில் நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் சீடர் தெரு பஸ்ஸில் ஏறிப் போனது மழை தூறிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கட்டணம் பத்து சென்ட், அதை அவர் ஏற்கெனவே கட்டியிருந்தார். டன்மோர் நகரத்தில் அப்போது இருந்த வழக்கம் அப்படி. கறுப்பு ஜனங்கள் முன்வாசலில் ஏறிப் பெட்டியில் காசைப் போட வேண்டும், பிறகு இறங்கி, பஸ்ஸை ஒட்டியே நடந்து போய்ப் பின்வாசல் வழியாக ஏற வேண்டும். உள்ளுக்குள்ளேயே நடந்து போனால் வழியில் வெள்ளைக்காரர்களின் முழங்காலை உரச நேருமாம். டிரைவர் நல்ல மனநிலையில் இருந்தால் காத்திருப்பான். இல்லாவிட்டால் காசு உள்ளேயும் ஆள் வெளியேயுமாக வண்டியைக் கிளப்பிவிடுவான். அன்றைக்கு டிரைவர் க்ளைட் ஹார்கிஸுக்குப் பல்வலி. ஆர்டெலியா சேற்றைத் தாண்டிப் பின்வாசல் கைப்பிடிக்குக் கையை நீட்டும்போது பஸ் நகர்ந்தது. "டிரைவர், நிப்பாட்டுங்க, நான் இன்னும் ஏறல!" என்று கத்தினார். கத்தியது உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.

பஸ்ஸுக்குள் பின்பக்கம் தும்ம இடமில்லாத கூட்டம். முன்னால் நான்கு பெஞ்சுகள் காலி. குரல் ஒன்றும் அசடு இல்லை, நேராக முன்னால் போய் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததும், வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஆர்டெலியா என்ன செய்வாரோ அதையே செய்தது, மெல்லப் பாட ஆரம்பித்தது. ஹார்கிஸ் கண்ணாடியில் பார்த்தான், ஆளைக் காணவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு எழுந்துவந்து பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். பிறகு போலீஸ்காரர் ஒருவரைக் கூட்டிவந்தான். அவர் அந்த இருக்கைக்கு எதிரே நின்று, நகரச் சட்டத்தின் பேரால் எழுந்து பின்னால் போகும்படி உத்தரவிட்டார். குரல் பாட்டின் இரண்டாவது சரணத்தை எடுத்தது. சட்டத்தில் வெள்ளை ஆள், கறுப்பு ஆள் என்றுதான் எழுதியிருந்ததே தவிர குரலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கைவிலங்கை எங்கே மாட்டுவது என்றும் தெரியவில்லை. போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

ஆர்டெலியாவின் கணவர் லூஷியஸ் பிக்கன்ஸ் கண் தெரியாதவர். இரும்புக் குழாய் வார்க்கும் ஆலையில் உருகிய இரும்பு தெறித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டன. மனைவியின் முகம் அவருக்குள் அந்த வருடத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஆர்டெலியாவுக்கு உடம்பு பெருத்ததையும், முழங்கால் வலி வந்ததையும், மகன் டிட்ராய்ட்டுக்குப் போனபின் சிரிப்பு ஒரு சுற்று இளைத்துப்போனதையும் லூஷியஸ் காதாலேயே பார்த்துவந்தார். அன்று சாயங்காலம் கதவு திறந்தது, பை மேஜையில் வைக்கப்பட்டது, கீரையை நறுக்கும் சத்தம் கேட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. மனைவிக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டார். காலையில் உடைத்து ஒளித்துவைத்த கோப்பையைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கீரை நறுக்கும் கத்தி நிற்கவில்லை. சபை விருந்தில் திருட்டுத்தனமாக இரண்டாவது தட்டு வாங்கியதையும், ஆர்டெலியாவின் அண்ணனை ஒருமுறை கழுதை என்று திட்டியதையும் ஒப்புக்கொண்டார். இன்னும் என்னென்னவோ ஒப்புக்கொள்ளவிருந்த நேரத்தில் ஆர்டெலியா அவருடைய கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தார். தொண்டை ஏறி இறங்கியது, உள்ளே காற்று மட்டும் ஓடியது.

பக்கத்து வீட்டு வில்லி மே ஓடம் வந்துதான் நடந்ததைச் சொன்னார். வில்லி மே சபைப் பாடகர் குழுவில் உச்சக்குரல், குழுவை நடத்துபவரும் அவர்தான். "பயப்படாதீங்கண்ணே, குரல் எங்கேயும் தொலைஞ்சு போகல. ஹார்கிஸ் பஸ்ஸுல முன் சீட்டுல உக்காந்திருக்கு. என் கண்ணால... சரி, என் காதால கேட்டுட்டு வரேன்" என்றார்.

பின்வாசலுக்கு நடக்கும்போது பஸ் விட்டுவிட்டுப் போனவர்கள் டன்மோரில் வேறு பலரும் இருந்தார்கள். ஒருவருக்குக் கால் நசுங்கியிருந்தது, ஒருவருக்கு வேலை போயிருந்தது. ஆனால் குரலே பறிபோனது இதுதான் முதல் தடவை, அதனால் ஜனங்களுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. அந்த வாரக் கடைசியில் சீயோன் மலை சபையில் நிற்க இடமில்லாமல் கூடினார்கள். போதகர் டார்ப்லி பிரசங்கம் செய்யவில்லை, இரண்டே விஷயங்களைச் சொன்னார். கறுப்பு ஜனங்களும் முன்வாசலில் ஏறி, பிடித்த இடத்தில் உட்காரலாம் என்று ஆகும் வரையில் யாரும் பஸ்ஸில் கால் வைப்பதில்லை. யார் என்ன சொன்னாலும் யார் மேலும் கை வைப்பதில்லை, கெட்ட வார்த்தையும் கிடையாது. "கெட்ட வார்த்தை கூடவா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். கூடத்தான் என்றார் போதகர். திங்கட்கிழமை சீடர் தெரு பஸ் டன்மோரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கறுப்பு ஜனங்களில் ஒரு குரலை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்வந்தது.

அந்த வருடம் முழுக்க டன்மோர் நடந்தது. சமையல்காரிகளும் ஆயாக்களும் விடியுமுன் வெள்ளைக்காரர்களின் வீடுகள் இருந்த ஓக்வுட் மேட்டுக்கு ஏறினார்கள், இருட்டும்போது இறங்கினார்கள். முழங்காலில் தெம்பில்லாத கிழவிகளுக்குச் சவ அடக்கக்காரர் தன் கறுப்பு ஊர்தியைக் கொடுத்தார். அதில் வரிசையாக உட்கார்ந்து, பூ வைக்கிற இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சங்கடமாக இருக்கிறது என்று ஒரு கிழவி சொன்னதற்கு, "என்னிக்காவது இதுல வரப்போறவங்கதானே பாட்டி, இப்பவே பழகிக்கிட்டா நல்லதுதான்" என்றார் அவர். நடப்பவர்களைப் போலீஸ் நிறுத்தி ஏன் நடக்கிறாய் என்று கேட்டது. மேலே போகிற கார்களிலிருந்து அழுகிய தக்காளி வந்தது, ஒரு நாள் கல்லும் வந்தது. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆர்டெலியா நடந்து போய்ச் சமைத்துக் கொடுத்து நடந்து திரும்பினார். அவர் வேலை செய்த வீட்டின் டாக்டர் அம்மாவுக்கு, சமையல்காரி வாயே திறப்பதில்லை என்று தெரியவே வசந்தகாலம் ஆகிவிட்டது.

சபையில்தான் கஷ்டம் அதிகம் தெரிந்தது. நான்கு குரலில் பாடுகிற கூட்டத்தில் ஆர்டெலியா ஆல்ட்டோ, உச்சக்குரலுக்குக் கீழே நின்று அதைத் தாங்கிப் பிடிக்கிற குரல். அது போனதும் பாட்டின் நடுவே பள்ளம் விழுந்தது. வில்லி மே மேல்ஸ்தாயிக்குப் போனால் கீழே பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் சுரங்கள் நேராக மேலேறிக் கூரை உத்தரங்களில் மாட்டிக்கொண்டன. திங்கட்கிழமைகளில், சபையைக் கூட்டிப் பெருக்கும் கோயில்குட்டி நீளத் துடைப்பத்தால் அவற்றைத் தட்டிவிடுவார். தரையில் விழும்போது கிண்ணென்று சத்தம் வரும், அவ்வளவுதான். பிறகு யாரோ ஒருவர் கவனித்தார்: வாரநடுவில் கூட்டம் நடக்கிற மாலைகளில் சீடர் தெரு பஸ் சபையைத் தாண்டிப் போகிறது. அதிலிருந்து தொடங்கி, பஸ் மூலை திரும்பும்போது ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு வில்லி மே கையைத் தூக்குவார். பஸ் நெருங்க நெருங்க ஆல்ட்டோ உள்ளே வரும், பாட்டு நான்கு காலிலும் எழுந்து நிற்கும். பஸ் தாண்டியதும் மறுபடி நொண்டும். அந்தச் சில நொடிகளுக்காக ஜனங்கள் தூர தூரத்திலிருந்து நடந்து வந்தார்கள்.

பஸ்ஸில் மிச்சமிருந்த வெள்ளைக்காரப் பயணிகள் முதலில் முகம் சுளித்தார்கள். கம்பெனி ஒரு மெக்கானிக்கை விட்டு அந்த பெஞ்சைக் கழற்றிப் போட்டது. பெஞ்சு இல்லாத இடத்திலும் குரல் அதே உயரத்தில் உட்கார்ந்தே பாடியது, ஆகவே பெஞ்சைத் திரும்ப மாட்டினார்கள். நாளடைவில் பயணிகளுக்குப் பழகிவிட்டது. தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு கிழவர் இறங்கும்போது அந்த இருக்கையைப் பார்த்துத் தொப்பியைத் தொடுவார். கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் மெட்டு வாயில் ஒட்டிக்கொண்டது. தாங்கள் கேட்பது பாட்டில் கால்வாசிதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதுதான் முழுப் பாட்டு என்று நினைத்து ஆல்ட்டோவை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு கடைக்கும் பாங்கிக்கும் போனார்கள். எதிரே நடந்துவரும் சமையல்காரிகள் அதைக் கேட்டதும் வழக்கத்தால் தங்கள் பங்கை அடிக்குரலில் சேர்த்துவிடுவார்கள். தெருவின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் பாட்டு கூடிவரும், யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள்.

லூஷியஸுக்கு அந்தச் சில நொடிகள் போதவில்லை. காலையில் ஆர்டெலியா கிளம்பியதும் தடியை ஊன்றிக்கொண்டு சீடர் தெரு நிறுத்தத்துக்குப் போய், அங்கே கிடந்த பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். பஸ் வந்து நிற்கும். யாரும் ஏறமாட்டார்கள். முன்கதவு திறந்து மூடும் நேரத்துக்கு மனைவி அங்கே இருப்பார். லூஷியஸ் கீழேயிருந்து தன் கட்டைக்குரலைச் சேர்ப்பார். இது சபையில் வழக்காக வந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறவன் பஸ்ஸில் போகிறவனுக்குச் சமம் என்று ஒரு மூப்பர் வாதாடினார். போதகர் டார்ப்லி தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "காதுக்குக் காலு கிடையாது. காது ஏறினா அது ஏறினதாகாது. அவர் செருப்பு மண்ணுல இருக்கிற வரைக்கும் விட்டுடுங்கய்யா" என்று தீர்ப்பாயிற்று.

இரவில் இருவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சோள ரொட்டி தின்பார்கள். ஆர்டெலியா ஆமாம் என்றால் அவர் கையை ஒருமுறை அழுத்துவார், இல்லை என்றால் இரண்டு முறை. லூஷியஸ் தனியாகவே பேசிப் பேசி அலுத்துப்போனார். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவளை நினைத்து ஏங்குவது எப்படியிருக்கும் என்று அவருக்கு அந்த வருடம் தெரிந்தது. அவர் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். இந்தச் சண்டை இன்னும் சில வருடம் நீண்டால், அதற்குள் தான் செத்துப்போனால், கடைசியாக அவள் குரலைப் பக்கத்தில் கேட்காமலே போக வேண்டியிருக்கும்.

இலையுதிர்காலத்தில் பஸ் கம்பெனி மேனேஜர் ஒரு புகைப்படக்காரரோடு வீட்டுக்கே வந்தார். கேக் கொண்டுவந்திருந்தார். ஆர்டெலியா ஒரே ஒரு தடவை, பழைய முறைப்படி முன்னால் காசு போட்டு, இறங்கிப் பின்வாசலில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தால் போதும், குரல் தன்னால் அவரிடம் வந்துவிடும் என்று கம்பெனி நம்புவதாகச் சொன்னார். அன்றைக்கு டிரைவர் கட்டாயம் காத்திருப்பான் என்றும் சொன்னார். "ஒரே ஒரு போட்டோ. அப்புறம் நீங்க உங்க பாட்டுக்கு, நாங்க எங்க பாட்டுக்கு. உங்க வீட்டுக்காரரைப் பாருங்க, அவருக்காகவாவது" என்றார். லூஷியஸ் தலையைத் திருப்பிக்கொண்டார். மனைவி சம்மதித்துவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் அவர் ஆசைப்பட்டார், மனதார ஆசைப்பட்டார். ஆர்டெலியாவின் கை மேஜைக்கு மேலே வந்து அவர் கையைத் தேடிப்பிடித்தது. இரண்டு முறை அழுத்தியது. எலும்பு நோகிற அளவுக்கு அழுத்தியது. கேக்கை மேனேஜர் மறந்துவிட்டுப் போனார், அது பக்கத்து வீட்டு நாய்க்குப் போயிற்று.

அதற்கு அடுத்த வாரம், பனி மூடிய ஒரு காலை, ஹார்கிஸ் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தவன் மூடவில்லை. நிறுத்தத்தில் லூஷியஸைத் தவிர யாருமில்லை. பஸ்ஸிலும் யாருமில்லை. ஹார்கிஸுக்கும் அந்த வருடம் நன்றாகப் போகவில்லை. கம்பெனி பாதி டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது, மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், பகல் முழுக்க அவனுக்குத் துணையாக இருந்த ஒரே மனிதக் குரல் ஆர்டெலியாவுடையதுதான்.

"இந்தா பெரியவரே," என்றான், "வெளிய குளிருது. ஏறு. இங்கேயே, முன்னாடியே ஏறு. உன் பொண்டாட்டி பக்கத்துல உக்காரு. ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம். யாரும் பாக்கமாட்டாங்க. காசும் வேணாம்."

லூஷியஸ் கதவுப் பக்கம் காதைச் சாய்த்தார். உள்ளே ஆர்டெலியா பாடிக்கொண்டிருந்தார், இளவெயிலில் துணி காயப்போடும்போது பாடுவாரே அந்தப் பாட்டு. மூன்று எட்டு வைத்தால் அதன் பக்கத்தில் உட்காரலாம். லூஷியஸ் பெட்டியை விட்டு எழுந்தார். தடியால் படியைத் தட்டிப் பார்த்தார். வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

பாட்டு நின்றது.

சீடர் தெருவிலும் சத்தமில்லை, இன்ஜின் மட்டும் உறுமியது. லூஷியஸ் படியில் ஒரு காலும் மண்ணில் ஒரு காலுமாக நின்றார். "டெலியா?" என்றார். ஹார்கிஸ் திரும்பி இருக்கையைப் பார்த்தான். "ஏம்மா, பாடும்மா. நான் நல்லதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்று காலி பெஞ்சிடம் கெஞ்சினான். லூஷியஸ் காலை எடுத்து மண்ணில் வைத்தார். விட்ட வரியின் விட்ட எழுத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. ஹார்கிஸ் கதவை மூடிக்கொண்டு போனான். அவன் வழக்கத்தைவிட மெதுவாகப் போனான் என்பது லூஷியஸுக்குச் சத்தத்தில் தெரிந்தது.

அன்று இரவு லூஷியஸ் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வலது காலை நீட்டி, இந்தக் கால்தான் என்று காட்டினார். ஆர்டெலியா எழுந்து போகும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார் என்று நினைத்தார். ஆர்டெலியா வெந்நீர்ச் சட்டியோடு திரும்பி வந்தார். அவருடைய வலது காலை எடுத்துச் சட்டியில் வைத்து, காலையிலிருந்து குளிரில் விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். தன் கால்கள் ஓக்வுட் மேட்டுக்கு ஏறி இறங்கி வெடித்துக் கிடந்ததை அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சட்டியோடு வந்த நடையின் இழுப்பிலிருந்து லூஷியஸுக்கு அது தெரிந்துவிட்டது. அவர் அழுதார். கண் போனதிலிருந்து அழுததில்லை, கண்ணீர் வரும் என்றே அவர் எதிர்பார்க்கவில்லை. அழுது முடித்ததும் சட்டியிலிருந்து காலை எடுத்துவிட்டு, மனைவியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, அதே தண்ணீரில் அவருடைய கால்களை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மறுநாளிலிருந்து நிறுத்தத்தில் அவர் பெட்டியை ஒரு கஜம் பின்னால் தள்ளிப்போட்டுக்கொண்டார்.

பஸ் சட்டத்தை எதிர்த்துச் சபையார் போட்டிருந்த வழக்கு மேல்கோர்ட்டுக்கும் அதற்கும் மேல்கோர்ட்டுக்கும் போயிற்று. குளிர்காலத்தில், ஜனங்கள் நடப்பதை ஒரு வேலையாக நினைப்பதையே விட்டுவிட்ட பிறகு, தீர்ப்பு வந்தது. யாரும் எங்கும் உட்காரலாம். முன்வாசலே எல்லோருக்கும் வாசல். போதகர் டார்ப்லி மறுபடியும் இரண்டே விஷயங்கள் சொன்னார். ஏறுங்கள், பெருமையடிக்காதீர்கள். யாராவது இடித்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள், இடித்தது அவர்களாக இருந்தாலும் சரி.

மறுநாள் காலை சீடர் தெரு நிறுத்தத்தில் பெரிய கூட்டம். பிக்கன்ஸ் தம்பதியை முன்னால் விட்டார்கள். ஆர்டெலியா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டிருந்தார். பஸ் வந்தது, கதவு திறந்தது, உள்ளே ஆல்ட்டோ பாடிக்கொண்டிருந்தது. ஆர்டெலியா பெட்டியில் இரண்டு பேருக்கும் காசு போட்டார். பழைய பழக்கத்தில் அவருடைய கால் தானாகப் படியை நோக்கித் திரும்பிவிட்டது. ஹார்கிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, "இப்படியே போலாம்மா" என்றான். லூஷியஸ் காத்திருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாட்டு வந்த திசைக்கு நேராகப் போய், ஜன்னலோரத்தைத் துழாவி, தொப்பென்று பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார்.

பாட்டு நின்றது.

லூஷியஸ் விறைத்துப்போனார். கையை இப்பக்கமும் அப்பக்கமும் நீட்டினார். பஸ்ஸின் தோல்மெத்தை, ஜன்னல் கண்ணாடி, காற்று. வாசலில் வில்லி மே ஓடம் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கீழே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தான் எதையோ நசுக்கிவிட்டோம் என்றும், இனி அது இல்லவே இல்லை என்றும் லூஷியஸ் நினைத்தார். அப்போது அவருடைய காதுக்கு ஒரு சாண் மேலே, கொஞ்சம் கரகரத்து, ஒரு வருடம் முதுமையாகி, அது பேசியது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நான் இன்னும் உக்காரல."

லூஷியஸ் தள்ளி உட்கார்ந்தார். ஆர்டெலியா பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த உடைந்த கோப்பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆற்றங்கரை வரையில் அதைப் பற்றியே பேசினார், தன் அண்ணனைக் கழுதை என்று சொன்னதற்குத் திரும்பும் வழி முழுவதும் தேவைப்பட்டது. லூஷியஸ் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அன்று ஓக்வுட் மேட்டில் டாக்டர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு தாமதமாயிற்று.

பஸ் மட்டும் பழையபடி ஆகவில்லை. சீடர் தெரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி, கதவு மூடிய பிறகும் அது நகர்வதில்லை. முன்வாசலில் காசு போட்ட ஒருவர் இறங்கி, சேற்றைத் தாண்டி, பின்வாசலுக்கு நடந்துவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே நிற்கும், பிறகு தானாகக் கிளம்பும். மெக்கானிக்குகள் இன்ஜினை இரண்டு முறை பிரித்துப் பார்த்தார்கள். அந்த பஸ்ஸை மாற்றிப் புதியதை விட்டார்கள், புதியதும் நின்றது. கடைசியில் கம்பெனி அந்த நேரத்தையும் சேர்த்துக் கால அட்டவணையை அச்சடித்துவிட்டது. வேலைக்குப் புதிதாக வரும் டிரைவர்கள் முதல் நாள் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். "அவசரப்படாதீங்க தம்பி," என்பார் பயணிகளில் யாராவது ஒருவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆள் இன்னும் ஏறல."